ஏரி வாரியத்தின் கணக்கு

 

எனக்கு இடப்பட்டிருக்கும் பொருள் பருவநிலை மாற்றமும் அரசாங்கத்தின் பொறுப்பும் என்பது. பனிமலைகள் உருகுவதையும், கடல் கரையேறி வருவதையும், பெய்ய வேண்டிய மாதத்தில் பொய்த்துவிடும் மழை எதிர்பாராத ஓரிரவில் ஒரு மாதத்து நீரைக் கொட்டிவிட்டுப் போவதையும் விளக்கத் தகுதி வாய்ந்த விஞ்ஞானிகள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் பல்லாண்டுகளாக விளக்கிக்கொண்டும் இருக்கிறார்கள். அடியேனோ வாழ்நாளின் பெரும்பகுதியைப் பேரேடுகளோடும் பற்றுச்சீட்டுகளோடும் கழித்து ஓய்வு பெற்ற ஒரு தணிக்கைக்காரன். ஆகையால் வானத்தைப் பற்றிப் பேசும் வேலையை அவர்களிடமே விட்டுவிட்டு, வானத்தின் பெயரைச் சொல்லி வசூலிக்கப்பட்ட பணத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அது எவ்வளவு? யாரிடமிருந்து வந்தது? எங்கே போயிற்று? போன இடத்தை யாராவது கேட்டார்களா? இந்த நான்கு கேள்விகளே என் சொற்பொழிவு.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூருக்குப் போயிருப்பவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை அவை. ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர்க் காரியங்களை நடத்தும் வாரியங்களுக்கு ஆள் தெரிந்தெடுத்த முறையை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். ஆனால் வாரியத்துக்கு யார் வரலாம் என்று அக்கல்வெட்டு சொல்லும் பகுதியைக் காட்டிலும், யார் வரலாகாது என்று சொல்லும் பகுதியே என்னைப் போன்ற தொழில் உடையவனை நெடுநேரம் நிறுத்திவைப்பது. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவன் மறுபடி வரலாகாது என்கிறது அது. அவன் மாத்திரமா? அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், தகப்பன், மகன் என்று உறவின் கிளைகளை எண்ணி எண்ணி விலக்கி வைக்கிறது. திருடியவனுக்கு வேறு விதி தனியாக இருக்கிறது. இந்த விதி திருடாதவனையும் பிடிக்கும். ஊர்ப் பணத்தை வாங்கிச் செலவிட்டு, செலவிட்டதை ஊரார் முன் எடுத்து வைக்காமல் போனாலே போதும், அவனும் அவன் சுற்றமும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

அது ஒரு பிரம்மதேயத்துச் சபை, அதாவது அந்தணர்க்குக் கொடையாக விடப்பட்ட ஊரின் சபை என்பதையும், நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்களுக்கே அதில் இடமிருந்தது என்பதையும், அவ்வூரின் ஏரியை வெட்டித் தூர் வாரிய கைகளுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது என்பதையும் நான் மறந்துவிடவில்லை. அதைப் பொற்காலம் என்று போற்றுவது என் நோக்கமன்று. நம்மைவிட எத்தனையோ வகைகளில் குறுகிய ஒரு சமுதாயமே ஏரிக்கென்று ஒரு வாரியம் வைத்து, அந்த வாரியத்தின் தலைக்குமேல் கணக்கென்ற கத்தியைக் கட்டித் தொங்கவிட்டிருந்ததென்றால், வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை உடைய நாம் எவ்வளவு உரக்கக் கேட்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். ஏரி என்பது என்ன? மழையை நம்பி வாழும் ஊருக்கு அது அடுத்த ஆண்டின் சோறு. காற்று மண்டலமும் அப்படிப்பட்ட ஒரு பொது ஏரிதான். அதன் கரையில் இன்று எண்ணூறு கோடிப் பேர் குடியிருக்கிறார்கள்.

இனி நம் காலத்து ஏரி வாரியத்துக்கு வருவோம்.

2010-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், அப்போது மத்திய நிதியமைச்சராக இருந்த பிரணாப் முகர்ஜி ஒரு புதிய மேல்வரியை அறிவித்தார். 'செஸ்' என்று கடைத்தெருவிலும் வழங்குகிறதே, அந்த இனம். நாட்டில் வெட்டியெடுக்கப்படும் நிலக்கரிக்கும், நம் நெய்வேலியில் எடுக்கப்படும் பழுப்பு நிலக்கரிக்கும், அயல்நாடுகளிலிருந்து வந்திறங்கும் நிலக்கரிக்கும் டன் ஒன்றுக்கு 50 ரூபாய். தூய எரிசக்தி மேல்வரி என்று அதற்குப் பெயர். அந்தப் பணத்தைக் கொண்டு தேசியத் தூய எரிசக்தி நிதி என்று ஒன்றை ஏற்படுத்தி, சூரிய சக்தி, காற்றுச் சக்தி முதலியவற்றின் ஆராய்ச்சிக்கும் புதிய முயற்சிகளுக்கும் செலவிடுவது என்பது உத்தேசம். அழுக்கை உண்டாக்கும் பொருளின் மீது வரி போட்டு அழுக்கில்லாத பொருளை வளர்ப்பது என்னும் இந்த ஏற்பாடு எவ்வளவு நேர்மையானது, எவ்வளவு அழகானது! 2010 ஜூலை 1 முதல் வசூல் தொடங்கிற்று. ஆட்சி மாறிற்று, வரி மாறவில்லை, வளர்ந்தது. 2014-ல் 100 ரூபாய், 2015-ல் 200 ரூபாய், 2016-ல் 400 ரூபாய். ஆறே ஆண்டுகளில் எட்டு மடங்கு. இந்த உயர்வை நான் குறை கூறவில்லை. இரண்டு ஆட்சிகளும் சேர்ந்து செய்த ஒரு நல்ல காரியம் என்றே இன்றும் எண்ணுகிறேன்.

இந்த வரியை யார் கொடுத்தார்கள்? சுரங்க முதலாளியா? ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்தில் வெட்டிய கரி, ரயிலேறி பாரதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வந்து, கன்வேயர் பட்டையில் ஏறிக் கொதிகலனுக்குள் விழுகிறது. ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக ஏறத்தாழ 700 கிராம் கரி எரிய வேண்டும். டன்னுக்கு 400 ரூபாய் என்றால், 700 கிராமுக்கு 28 காசு. சித்திரை மாதத்துப் புழுக்கத்தில் பேரக் குழந்தை தூங்க வேண்டுமென்று இரவு முழுவதும் மின்விசிறியை ஓடவிட்டாளே ஒரு பாட்டி, அவள் கொடுத்தாள். தையல் இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தியிருக்கும் பெண் கொடுத்தாள். அவர்கள் பெயரில் ரசீது இல்லை. மின் உற்பத்தியின் விலையோடு விலையாகக் கலந்து போய்விட்டது. ரசீது இல்லாத வரி என்பதனாலேயே அதைப் பற்றிய கேள்வியும் எழாமற் போயிற்று என்று நான் நினைக்கிறேன்.

உலகத்தார் முன் நாம் இதைச் சொல்லிக்கொண்டோமா? சொல்லிக்கொண்டோம். 2015 அக்டோபரில், பாரிஸ் மாநாட்டுக்கு முன்பாக, பருவநிலையைக் காக்க இந்தியா என்னென்ன செய்யும் என்ற பிரதிக்ஞைப் பத்திரத்தை ஐக்கிய நாடுகளின் அவையிடம் நம் அரசாங்கம் அளித்தது. நிலக்கரியின் மீதான மேல்வரியை 50 ரூபாயிலிருந்து 200 ரூபாயாக நான்கு மடங்கு உயர்த்தியிருக்கிறோம் என்பது அப்பத்திரத்தில் பெருமையோடு இடம்பெற்றது. பெருமைப்படத் தக்க விஷயம்தான். ஆனால் சபையில் சொன்ன சொல்லுக்கு வீட்டில் கணக்கு இருக்க வேண்டும் அல்லவா?

இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். 2010-11 முதல் 2017-18 வரை இந்த மேல்வரியாக வசூலான தொகை ஏறத்தாழ 86,440 கோடி ரூபாய். அதில் தூய எரிசக்தி நிதிக்கு மாற்றப்பட்டது 29,645 கோடி ரூபாய். அந்த நிதியிலிருந்து திட்டங்களுக்குச் சென்றது 15,911 கோடி ரூபாய். கோடிகளில் சொன்னால் மனத்தில் நிற்காது. நூறு ரூபாயாகச் சொல்லுகிறேன். காற்றைச் சுத்தம் செய்வோம் என்று சொல்லி நம்மிடம் 100 ரூபாய் வாங்கினார்கள். அதற்கென்று வைத்த பெட்டிக்குள் 34 ரூபாய் போட்டார்கள். பெட்டியிலிருந்து 18 ரூபாயை எடுத்துக் காரியத்துக்குக் கொடுத்தார்கள்.

இது எப்படி நேரும் என்று நீங்கள் கேட்கலாம். வசூலாகும் எந்த வரியும் முதலில் இந்தியத் தொகுப்பு நிதியில் போய்ச் சேரும். அங்கிருந்து நாடாளுமன்றத்தின் அனுமதியோடு, குறித்த நிதிக்கென உள்ள தலைப்புக்கு மாற்றப்பட வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்யாமல் விட்டுவிட்டால், பணம் காணாமற் போவதில்லை; பொதுச் செலவோடு கலந்துவிடுகிறது. குளத்து நீரை ஆற்றில் விட்டபின் எந்தத் துளி குளத்துத் துளி என்று யார் காட்ட முடியும்? மேல்வரிப் பணம் உரிய நிதிகளுக்கு முழுமையாக மாற்றப்படவில்லை என்று இந்தியத் தலைமைத் தணிக்கையாளர் தம் அறிக்கைகளில் ஒரு முறைக்குப் பல முறை எழுதியிருக்கிறார். தணிக்கைக் குறிப்பு எழுதுவதன் வேதனை எனக்குத் தெரியும். எழுதிய மை உலருமுன் அதைக் கட்டித் தூக்கி அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

இதில் இன்னொரு நியாயமும் அடங்கியிருக்கிறது. மற்ற வரிகளில் மாநிலங்களுக்குப் பங்குண்டு, மேல்வரியில் பங்கில்லை. ஏன் இல்லை? ஒரு குறித்த காரியத்துக்கென்றே வாங்கப்படும் பணம், அதைப் பங்கிட்டால் காரியம் கெடும் என்பது அரசியலமைப்பின் எண்ணம். காரியத்துக்கு என்று சொல்லிப் பங்கையும் மறுத்து, காரியத்துக்கும் கொடுக்காமல் இருந்தால், அந்தப் பணத்தை வைத்திருக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அன்றோடு தூய சுற்றுச்சூழல் மேல்வரி என்று பெயர் மாறியிருந்த இந்த வரி ஒழிக்கப்பட்டது. ஆனால் நிலக்கரியின் மீது அதே 400 ரூபாய் நின்றது! வாங்கும் கை அதுவே, தொகையும் அதுவே, பெயர் மாத்திரம் இழப்பீட்டு மேல்வரி என்று மாறிற்று. புதிய வரியினால் மாநிலங்களுக்கு உண்டாகும் வருவாய் இழப்பை ஈடு செய்ய அப்பணம் போகலாயிற்று. பிறகு தொற்றுநோய்க் காலத்தில் அதற்கென வாங்கிய கடனை அடைக்கவும் போயிற்று. காற்றின் பெயரால் பிறந்த வரி, காற்றுக்கு ஒரு காசு வைக்க வேண்டிய கடமை இல்லாத வரியாகிவிட்டது.

மாநிலங்களுக்குக் கொடுத்தது தவறா என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் நடந்திருக்கும், மருத்துவமனையில் மருந்து வாங்கியிருப்பார்கள், அது பாவமா என்றார். நியாயமான கேள்வி, அதை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அவருக்கு நான் சொன்ன உவமையை உங்களுக்கும் சொல்லுகிறேன். ஓர் ஊரிலே தெப்பக்குளம் தூர்ந்து போய்க் கிடக்கிறது. குளத்தைத் தூர் வாருவோம் என்று சொல்லித் தர்மகர்த்தா வீட்டுக்கு வீடு வசூல் செய்கிறார். கூலிக்காரன் ஐந்து ரூபாய் கொடுக்கிறான், கைம்பெண் ஒருத்தி முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு ரூபாய் கொடுக்கிறாள். அந்தப் பணத்தில் தர்மகர்த்தா ஒரு காசு கூடத் தம் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை; அன்னதானம் செய்தார், மதில் கட்டினார், அர்ச்சகருக்குச் சம்பளப் பாக்கியைத் தீர்த்தார். எல்லாம் புண்ணிய காரியங்கள். ஆனால் ஐப்பசி மழை வந்து, தூர்ந்த குளம் தண்ணீரை ஏற்காமல், வெள்ளம் தெருவுக்குள் புகுந்து, அந்தக் கைம்பெண்ணின் குடிசையை வாரிக்கொண்டு போகும்போது, அவளிடம் போய் அன்னதானக் கணக்கைக் காட்டலாமா? அவள் கேட்பது குளத்தின் கணக்கு. குளத்தின் கணக்கைக் கேட்கும் உரிமையை அவள் இரண்டு ரூபாய் கொடுத்த அன்றே வாங்கிவிட்டாள்.

செலவைக் குறைப்பதற்கு ஒதுக்கீட்டை வெட்டுவது ஒரு வழி. ஒதுக்கிவிட்டுச் செலவிடாமலே இருப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழி பத்திரிகைத் தலைப்புக்கு வருவதில்லை என்பதால் அது மிகவும் அபாயகரமானது. மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் என்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் ஒன்று இருக்கிறது. நகரங்களின் காற்றைச் சுத்தம் செய்யும் பணியும் அதில் அடங்கும். 2024-25-ஆம் ஆண்டுக்கு அதற்கு 858 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நிதியாண்டு முடியச் சில வாரங்களே இருந்த ஜனவரிப் பிற்பகுதியில், செலவானது சுமார் 7 கோடி. நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. திட்டத்தைத் தொடர்வதற்கான அனுமதி வரவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. நாடாளுமன்றக் குழுவே இதைக் கண்டு வியப்புத் தெரிவித்தது. டில்லி மாநகரின் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாமல் மூச்சுத் திணறிய அதே குளிர்காலம் அது!

தகவமைப்புக்கென்று, அதாவது வரப்போகும் வெப்பத்தையும் வெள்ளத்தையும் தாங்கிக்கொள்ள ஏழை மக்களைத் தயார் செய்வதற்கென்று, 2015-ல் ஒரு தேசிய நிதி ஏற்பட்டது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 350 கோடி என்று தொடங்கிற்று. மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்களுக்காகப் பவளப் பாறைகளை மீட்கும் ஒரு பணியும் அதில் நடந்தது. ஒதுக்கீடு பின்னர் இறங்கு முகமாகி, 2022-ல் அது திட்டம் என்ற அந்தஸ்தையே இழந்தது. இதை இன்னும் விரித்துக்கொண்டு போகலாம்; ஒரு பானைச் சோற்றுக்கு இவை போதும்.

"நாம் ஏழை நாடு, அமெரிக்காவில் ஒருவன் வெளியிடும் கரிவாயுவில் ஏழில் ஒரு பங்கைத்தான் நம் நாட்டில் ஒருவன் வெளியிடுகிறான், நம்மை ஏன் குடைகிறீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்லும் கணக்கு ஏறத்தாழச் சரி. பணக்கார நாடுகள் இருநூறு ஆண்டுகளாக ஏரியில் சாக்கடையை விட்டுவிட்டு, நம்மைப் பார்த்துக் கை கழுவச் சொல்வது அநியாயம் என்பதை எந்த மேடையிலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஆனால் நான் இங்கே கேட்பது அமெரிக்கன் மிச்சம் வைத்த கடனையன்று; நம் பாட்டி கொடுத்த 28 காசை. அதற்கு வாஷிங்டன் பதில் சொல்லுமா?

நல்லது நடந்திருக்கிறது என்பதையும் மறைக்கமாட்டேன். நாட்டின் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு முதலியவற்றைச் சாராத நிலையங்களுடையதாகிவிட்டது என்று 2025 ஜூலையில் அரசாங்கம் அறிவித்தது. 2030-க்கு என்று சொன்ன வாக்கை ஐந்தாண்டு முன்னதாகவே காப்பாற்றியது மெச்சத்தக்கது. ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. வீட்டில் பத்து பேர் உழைக்கத் தகுந்தவர்கள் இருந்தாலும் அரிசி கொண்டுவருபவர் யார் என்று பார்க்க வேண்டும். நம் வீட்டின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் இன்னும் கரியே கொண்டுவருகிறது. 2024-25-ல் நாட்டில் வெட்டிய நிலக்கரி 100 கோடி டன்னைத் தாண்டிற்று. டன்னுக்கு 400 ரூபாய் என்று பெருக்கிப் பாருங்கள்: ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய். அந்தப் பணம் பிறந்த நோக்கத்தோடு நின்றிருந்தால் எத்தனை கூரைகளின் மேல் சூரிய பலகைகள் ஏறியிருக்கும்! நெய்வேலியிலும் ஜாரியாவிலும் சுரங்கம் மூடப்படும் நாளில் அந்தத் தொழிலாளியின் மகனுக்கு எத்தனை தொழிற்பள்ளிகள் காத்திருந்திருக்கும்!

சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலையில் எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போயிருந்தேன். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம். பின்னால் அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகள்; முன்னால் இடுப்பளவு நீரில் இருளர் குடும்பங்கள். பனையோலையால் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை, விரல்களே கருவி. கரையேறி வந்த ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், என் காலருகில் பறியைக் கவிழ்த்தார். விரல் நீளத்தில் ஏழெட்டு இறால். பிறகு தாமாகவே மீண்டும் நீரில் கைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். சேறு என்றுதான் நினைத்தேன். சேற்றின் பிசுக்கு அதில் இல்லை. அரைத்த சிமெண்ட்டைப் போல நைசாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் விரலிடுக்கில் வழிந்தது. கொதிகலனில் வெந்த கரியின் சாம்பல்.

"இறா இருந்த எடத்துல கை வச்சா இதான் சார் வருது," என்றார்.

நான் அவருக்கு இந்த மேல்வரிக் கதையைச் சொன்னேன். டன்னுக்கு 400 ரூபாய் என்றேன். நாடு முழுதும் சேர்ந்த தொகையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஈரப் புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, "அவ்ளோ துட்டு வாங்குனவங்க கணக்கு எழுதி வச்சிருப்பாங்கல்ல சார்? நீங்க படிச்சவரு, பாத்துட்டு வந்து சொல்லுங்க," என்றார்.

நாற்பது ஆண்டு தணிக்கை செய்த என்னிடம் இவ்வளவு தெளிவாக ஒருவரும் வேலை சொன்னதில்லை.

கேட்டால் நடக்குமா என்ற சந்தேகம் உங்களுக்கு எழலாம். கேட்டு நடத்திக் காட்டிய ஒரு நாட்டின் கதையைச் சொல்லுகிறேன். நெதர்லாந்து நம்மைப் போலவே தண்ணீரோடு போராடி வாழும் பூமி. அந்நாட்டின் ஏறத்தாழக் கால்பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே கரைகளையும் கால்வாய்களையும் காப்பதற்கென்று நீர் வாரியங்கள் உண்டு. வரி வாங்கிக் கரை கட்டும் அந்த வாரியங்களுக்கு இன்றும் தேர்தல் நடக்கிறது. நம் உத்திரமேரூர் ஏரி வாரியத்தின் தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றும். 1953 பிப்ரவரி முதல் தேதி விடியுமுன் கடல் கரைகளை உடைத்துக்கொண்டு புகுந்து 1,836 பேரைக் கொன்றது. கரை காக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதை அந்த ஜனங்கள் தங்கள் குடும்பக் கல்லறைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்நாட்டு அரசாங்கம் 2020-க்குள் கரிவாயு வெளியீட்டை 1990-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 30 சதவீதம் குறைப்போம் என்று ஒரு காலத்தில் சொல்லிற்று. பிறகு சத்தமில்லாமல் அந்த இலக்கைத் தாழ்த்திக்கொண்டது. உர்ஹெண்டா என்ற ஓர் அறக்கட்டளையும் 886 சாதாரணக் குடிமக்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆசிரியர்கள், வியாபாரிகள், கிழவர்கள், குழந்தைகளின் சார்பில் பெற்றோர்கள். நஷ்ட ஈடாக ஒரு யூரோ கூட அவர்கள் கேட்கவில்லை. சொன்ன சொல்லுக்குக் கணக்குக் கொடு என்று கேட்டார்கள். எங்களைக் காக்கும் கடமை உனக்கு உண்டு என்றார்கள்.

அரசாங்கம் என்ன பதில் சொல்லிற்று? உலகத்தின் மொத்தக் கரிவாயுவில் எங்கள் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ அரைதான். நாங்கள் குறைத்தாலென்ன, குறைக்காவிட்டாலென்ன என்றது. நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. ஒவ்வொரு நாடும் தன் பங்கு சிறிது என்று சொல்லிக் கழன்றுகொண்டால் பொறுப்பென்று ஒன்று யாரிடமும் இராது என்று கண்டு, 2015 ஜூன் 24 அன்று ஹேக் நகர நீதிமன்றம் குறைந்தது 25 சதவீதமாவது குறைத்தே தீர வேண்டும் என்று கட்டளையிட்டது. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது, 2018-ல் தோற்றது. மறுபடியும் முறையிட்டது, 2019 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றமும் அதே தீர்ப்பை உறுதி செய்தது. உயிர் வாழும் உரிமையைக் காப்பதில் பருவநிலையைக் காப்பதும் அடங்கும் என்றது. ஆம்ஸ்டர்டாமின் நிலக்கரி மின் நிலையம் அந்த ஆண்டு முடிவிலேயே மூடப்பட்டது. 2020-ல் இலக்கு ஒருவாறு எட்டப்பட்டது. தொற்றுநோயினால் தொழில்கள் நின்றுபோனதும் அதற்குத் துணை செய்தது என்பதை நான் ஒளிக்கவில்லை. ஆனாலும் ஓர் அரசாங்கம் தன் குடிகளுக்கு முன் நின்று, எண்ணைக் காட்டி, இவ்வளவு குறைத்தேன் என்று சொல்ல நேர்ந்தது. இது சாமானியமான காரியமா?

நம் நாட்டிலும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. 1976-ல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 48-ஏ பிரிவு, சுற்றுச்சூழலைக் காக்க அரசு முயல வேண்டும் என்கிறது. 2024 மார்ச்சில், அழிந்துவரும் கானமயிலைப் பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்பளித்த இந்திய உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது குடிமக்களின் உரிமை என்றும், சமத்துவத்தைச் சொல்லும் 14-ஆம் பிரிவிலும் உயிரைக் காக்கும் 21-ஆம் பிரிவிலும் அது அடங்கியிருக்கிறது என்றும் முதல் முறையாகச் சொல்லிற்று. பாலை நிலத்துப் பறவை ஒன்று நமக்கு வாங்கித் தந்த உரிமை அது. உரிமை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டபின், அதன் கணக்கைக் கேட்க நாம் யாருடைய தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் நிலக்கரியின் மீதிருந்த அந்த 400 ரூபாய் மேல்வரியும் எடுக்கப்பட்டுவிட்டது; அதற்கு ஈடாகச் சரக்கு சேவை வரி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. இந்த வரியில் மாநிலங்களுக்கும் பங்குண்டு. ஆகவே நாம் தட்ட வேண்டிய கதவுகள் இப்போது இரண்டாயின: ஒன்று டில்லியில், மற்றொன்று சென்னைக் கோட்டையில்.

அந்த அம்மாள் எனக்கு இட்ட வேலையை நான் தொடங்கிவிட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். மூன்று கேள்விகள். வசூலான மேல்வரியில் ஆண்டுவாரியாக எவ்வளவு எந்தத் தலைப்புக்குப் போயிற்று? நிதிக்கு மாற்றிய 29,645 கோடியில் திட்டங்களுக்குக் கொடுத்தது போக எஞ்சிய 13,734 கோடி எங்கே இருக்கிறது? நிலக்கரியிலிருந்து இனி வரும் சரக்கு சேவை வரியில், சாம்பல் படிந்த ஆற்றங்கரை மக்களுக்கும் சுத்தமான மின்சாரத்துக்கும் ஒரு பங்காவது குறித்து வைக்கப்பட்டிருக்கிறதா? முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கும் தாள் வாங்கி வைத்திருக்கிறேன். முதல் மனுவில் அந்த அம்மாள் தம் பெருவிரல் ரேகையை வைத்திருக்கிறார். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் என்பதால் அவருக்குக் கட்டணமில்லை. நமக்குப் பத்து ரூபாய்.

மண்டபத்து வாசலின் இடப்புறத்தில் ஒரு மேஜை போட்டிருக்கிறார்கள். மனுவின் படிகள் இருநூறு அதன்மேல் இருக்கின்றன. அஞ்சல் ஆணைகளும் பேனாக்களும் இருக்கின்றன. கையெழுத்திடுபவர்கள் தங்கள் முகவரியை அஞ்சல் குறியீட்டு எண்ணோடு தெளிவாக எழுதுங்கள். பதில் உங்கள் வீட்டுக்கே வர வேண்டும்.